சயன சித்தரும் சிவந்த விரிப்பும்

அல்சூரில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. முகூர்த்த நாள் இல்லை. ஆனாலும் மண்டப வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் வரிசை நின்றது.

வந்தவர்கள் கையில் மொய்க் கவர் இல்லை. ஆளுக்கொரு படுக்கை விரிப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். கோயிலுக்குப் போன ஊரில் லாட்ஜில் விரித்தது, ஸ்லீப்பர் பஸ்ஸில் கொடுத்தது, ரயிலில் கொடுத்துத் திருப்பி வாங்க மறந்தது என்று வகைவகையான விரிப்புகள். ரயில்வே சொத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்காதீர்கள். ஆன்மிகத்தில் அதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு கக்கத்தில் விரிப்பு என்றால், மறுபக்க இடுப்பில் குழந்தை. எல்லாம் ஒன்று, ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகள்.

மேடையில் இருந்தவர் சயன சித்தர். படுக்கையில் இருக்கும் தோஷத்தைக் கண்டுபிடித்து நீக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று வாசலில் பேனர் சொன்னது. ஞானம் பெறுவதற்கு முன்னால் அவர் பொம்மனஹள்ளியில் ஒரு மெத்தைக் கடையில் மூன்று வருடம் விற்பனையாளராக இருந்தார். மெத்தைக் கடையில் ஞானம் கிடைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

"பக்தர்களே! வெளியூருக்குப் போறீங்க. ரூம் எடுக்கறீங்க. அந்தப் படுக்கையில நேத்து எவன் படுத்தான்னு தெரியுமா? அவன் வயித்தெரிச்சல், அவன் கண்ணீர், அவன் கடன்காரன் விட்ட சாபம், எல்லாம் அந்த விரிப்புல ஊறிக் கெடக்கு. பெரியவங்களுக்குத் தோல் கெட்டி. பச்சக் குழந்தைக்கு? நேரா உள்ள இறங்கும். அதனாலதான் ராத்திரியெல்லாம் அழுவுது. உடம்பெல்லாம் செவப்பா தடிக்குது."

கூட்டம் தலையாட்டியது. வெளியூரில் குழந்தை அழுவதற்குப் பசி, சளி, புழுக்கம், கொசு, புது இடம் என்று ஐம்பது காரணம் உண்டு. ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு நேரம் வேண்டும். ஒரே ஒரு தோஷத்தை நம்புவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

பிறகு சோதனை. சித்தர் வெள்ளிச் செம்பிலிருந்து 'சயன தீர்த்தம்' எடுத்தார். நல்ல மஞ்சள் நிறத் தண்ணீர். முதல் ஆள் நீட்டிய வெள்ளை விரிப்பில் தெளித்தார். விழுந்த இடமெல்லாம் குபுகுபுவென்று சிவந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்றது முதல் வரிசை.

"சாமி! சாமி!" என்றது கடைசி வரிசை.

மூன்றாவது வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவருக்குத் தொழில். வாரத்தில் ஐந்து நாள் எதையும் நம்பாமல் இருப்பதற்கு அவருக்குச் சம்பளம் தருகிறார்கள். ஞாயிறு விடுமுறை.

நோயைச் சொன்னவர் மருந்தைச் சொல்லாமல் விடுவாரா? 'சயன ரட்சை' என்று ஒரு பை, இரண்டாயிரத்து நூறு ரூபாய். உள்ளே மூன்று பொருள்கள். முதலாவது, மந்திரித்த மஞ்சள் விரிப்பு. இரண்டாவது, கடுகும் வேப்பிலையும் திணித்த கொழுத்த தலையணை. மூன்றாவது, இரண்டு முழ நீளக் கறுப்புக் கயிறு.

"கயிறோட ஒரு முனை குழந்தை கழுத்துல. இன்னொரு முனை கட்டில் கம்பியில. ஊர் மாறுனா குழந்தையோட ஜீவன் அலையும். கயிறு புடிச்சு வெச்சுக்கும். விரிப்பைத் துவைக்கவே கூடாது. துவைச்சீங்கன்னா சக்தி போயிடும்."

"நாத்தம் வந்தா என்ன சாமி பண்றது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நாத்தம் வந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் தாயே."

அந்தப் பதிலுக்கும் கை தட்டினார்கள். நானே பார்த்தேன்.

அன்று ஒரு பை வாங்கியவர்களில் உத்தமனும் ஒருவன். பொம்மனஹள்ளியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நான்கு ஆண்கள் சேர்ந்து தங்கும் பி.ஜி. அறையில் ஒரு கட்டில் அவனுடையது. மனைவி பிரபா ஆரணியில் தனியார் பள்ளி ஆசிரியை. குழந்தை தர்ஷினிக்கு ஒன்றரை வயது. பி.ஜி.யில் குடும்பத்தைக் கொண்டுவர முடியாது. அதனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை பிரபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒக்கலிபுரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் அவள் கிளம்பிவிடுவாள். இருவரும் குடும்பம் நடத்துவது அந்த ஒன்றரை நாள்தான். அதற்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சில மாதமாக ஒவ்வொரு முறை ஊருக்குத் திரும்பும்போதும் குழந்தையின் கையிலும் முதுகிலும் வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. இரண்டு நாள் சொறிந்துகொண்டே அழும். "இனிமே புள்ளைய அந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போகாத. அவன் வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்று ஆரணியில் பிரபாவின் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். உத்தமனுக்கு ஷிஃப்டை விட்டு வர முடியாது. இன்னொரு முறை தடித்தால் அந்த ஒன்றரை நாளும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் அவன் லாட்ஜ் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அல்சூருக்குப் போனான். அவன் விரிப்பும் சிவந்தது.

உத்தமன் சொன்னதைக் கேட்டு லாட்ஜ் மேனேஜர் விஜய்குமார் முதலில் பதறினார். தம் லாட்ஜ் விரிப்பில் ரத்தம் வந்தது என்று ஊரெல்லாம் பேசினால் தொழில் என்னாவது? மறுநாளே சித்தரைப் போய்ப் பார்த்தார். துவைக்கக் கூடாது என்ற விதியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பத்து அறைக்கும் பத்து மஞ்சள் விரிப்பு வாங்கினார். 'தோஷ நிவர்த்தி அறைகள் உண்டு' என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பலகை மாட்டினார். வாடகையில் இருநூறு ஏற்றினார். சலவைக்குப் போடுவதை நிறுத்தினார். அழுக்குக்குத் தனிக் கட்டணம் வாங்கிய லாட்ஜ் பெங்களூரில் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கேதான் டோரதி வருகிறாள். தங்கவயல்காரி. சுரங்கத்தை மூடிய பிறகு அவள் அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்தபோது, பெங்களூருக்கு ரயிலேறிய பெண். இருபது வருடமாகத் தினமும் விடிகாலை ரயிலில் வருகிறாள், சாயங்கால ரயிலில் போகிறாள். ஒக்கலிபுரத்தில் ஏழு லாட்ஜுகளின் விரிப்புகளைத் துவைக்கும் சலவைக் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. மூன்று வாரமாக ஒரு லாட்ஜிலிருந்து ஒரு துணியும் வரவில்லையே என்று அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நேரில் கேட்க வந்தாள்.

"பெட்ஷீட் பேடாமா, வேண்டாம். சித்தர் சொல்லிட்டாரு, துவைக்கக் கூடாது" என்றார் விஜய்குமார்.

"கலீஜா கெடக்கணும்னு ஒரு சாமி சொல்லுதா? அதையும் பாத்துட்டே போறேன்" என்று மாடிக்கு ஏறினாள்.

இரண்டாவது அறைக் கதவு திறந்திருந்தது. பிரபா குளியலறையில் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உத்தமன் சாப்பாடு பார்சல் வாங்கப் போயிருந்தான். கட்டிலில் தர்ஷினி. தூங்கியிருந்த குழந்தை விழித்து, இரண்டு தரம் புரண்டிருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தை புரளாமல் என்ன செய்யும்? புரண்டதில் கயிறு கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கட்டில் கம்பி மறுமுனையை விடவில்லை. முகம் கடுகுத் தலையணையில் புதைந்திருந்தது. அழுகை வரவில்லை. 'க்ஹ், க்ஹ்' என்று ஒரு சத்தம் மட்டும்.

சலவை மூட்டையின் சணலை அறுக்க டோரதி எப்போதும் இடுப்பில் ஒரு கத்திரிக்கோல் செருகியிருப்பாள். பாய்ந்து போய்க் கயிற்றை அறுத்தாள். குழந்தையைத் தூக்கி முதுகில் தட்டினாள். இரண்டு மூச்சுக்குப் பிறகு தர்ஷினி வீறிட்டு அழுதாள். பிரபா ஓடி வந்தாள்.

"நான்... பாட்டில் கழுவத்தாங்க்கா போனேன். ரெண்டு நிமிஷம்..."

"ரெண்டு நிமிஷம் தாராளம்மா. இன்னும் ஒரு நிமிஷம் ஆயிருந்தா நீ பாட்டிலே கழுவ வேணாம்."

பிரபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த நேரம் பார்த்து உத்தமன் பார்சலோடு உள்ளே வந்தான். அறுந்து தொங்கிய கயிற்றைப் பார்த்தான்.

"கயிற யாரு அறுத்தது?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. பிரபா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். குழந்தையின் தாடையை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்டினாள். கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு கோடு. உத்தமன் கையிலிருந்த பார்சல் கீழே விழுந்தது. சாம்பார் தரையெல்லாம் ஓடியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஒன்ற வயசுப் புள்ளைக்குத் தலகாணி எதுக்கு? கழுத்துல கயிறு எதுக்கு? மாட்டுக்குக் கூட கயிற லூசா வுட்டுத்தான் கட்டுவாங்கோ" என்றாள் டோரதி.

"குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிக்குதுங்க. தோஷம்னு..."

டோரதி மஞ்சள் விரிப்பை இரண்டு விரலால் எடுத்து மூலையில் எறிந்தாள். மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினாள். தையல் ஓரம் நெடுகக் குடும்பம் குடும்பமாக மூட்டைப்பூச்சி. வெளிச்சம் பட்டதும் நாலா பக்கமும் ஓடின.

"இதோ கீறாங்க பாரு உன் தோஷம். இவுங்கதான் வரிசையா கடிப்பாங்கோ. துணியத் துவைச்சு, மெத்தைய வெய்யில்ல போட்டுகினு இருந்தப்போ கொஞ்சமாவது அடங்கி இருந்தாங்கோ. இப்போ ஜாலி."

"அப்ப அந்த ரத்தம்? என் கண்ணால பார்த்தேனே!"

"அந்தத் தீர்த்தம் இன்னா கலரு?"

"மஞ்சள்."

டோரதி சிரித்துவிட்டாள். "ஏம்மா, துணியில மஞ்சக் கறை பட்டுச்சு. சோப்பு போடுறே. இன்னா ஆவும்?"

"செவந்து போகும்" என்றாள் பிரபா. சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் துவைக்கிறது வாஷிங் சோடாவுல. டேங்கர் தண்ணி அரை லோடுதான் வருது, ஒரு தபா அலசுறதே பெருசு. கொஞ்சம் சோடா துணியிலயே நிக்கும். மஞ்சத்தண்ணி பட்டா செவக்காம இன்னா பண்ணும்? அந்த ஆளு கண்டுபுடிச்சது தோஷம் இல்லடா தம்பி. என் சோடா!"

மூலையில் கிடந்த மஞ்சள் விரிப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சம்பழ வாசனை. புளிப்பில் முக்கிக் காயவைத்த துணி எத்தனை மஞ்சள் தண்ணீர் தெளித்தாலும் மஞ்சளாகவே இருக்கும். கணக்கு சரியாக இருந்தது. துவைத்த துணிக்குத் தோஷம். துவைக்காத துணி பரிசுத்தம்.

"சரி வுடு. காசு போச்சுன்னு நெனச்சுக்க" என்றாள் டோரதி.

பிரபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லக்கா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கும் நூறு புள்ளைங்க கழுத்துல கட்டுவாரு. எல்லாப் புள்ளைக்கும் நீங்க கத்திரிக்கோலோட வர முடியுமா?"

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். உத்தமன் கடைக்கு ஓடி ஒரு புது வெள்ளை விரிப்பு வாங்கிவந்தான். டோரதி அதை வாங்கிக்கொண்டு சலவைக் கூடத்துக்குப் போனாள். பிரபா விஜய்குமாரிடம் சொல்லி வேறு அறை கேட்கவில்லை. அந்த மெத்தையில் படுக்கவும் இல்லை. பெருக்கித் துடைத்த தரையில், சுவரோரமாக, ஊரிலிருந்து கொண்டுவந்த பாயை உதறிப் போட்டு, துவைத்த தன் புடவை ஒன்றை இழுத்து விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்தாள். தலையணை இல்லை, கயிறு இல்லை. இருவரும் குழந்தைக்கு இருபுறமும் படுத்துக்கொண்டார்கள். விடியும்வரை உத்தமன்தான் தூங்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் காலையில் ஒரு கல்யாணம். அதை முடித்துவிட்டுத்தான் சித்தருக்கு இடம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்கவைத்துச் சுற்றிய ஆரத்தித் தண்ணீர் வாசலில் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. விரிப்புகளை இடுக்கிக்கொண்டு வந்த அத்தனை பேரும் அதைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

பிரபா இரண்டு பைகளோடு மேடை ஏறினாள். ஒன்று, இரண்டு என்று பைகளில் எண் எழுதியிருந்தது.

"சாமி, ரெண்டு படுக்கை. எதுல குழந்தையைப் போடலாம்னு நீங்கதான் சொல்லணும்."

சித்தர் முதல் பையைப் பிரித்தார். வெள்ளை விரிப்பில் தீர்த்தம் தெளித்தார். பளிச்சென்று சிவந்தது. கண்ணை மூடினார்.

"அடடடா! இதுல ஏழு பேர் படுத்திருக்காங்க. ஒரு கிழவர் இதுலயே உயிரை விட்டிருக்காரு. ஒரு பொண்ணு மூணு நாள் அழுதிருக்கா. தூரப் போடு தாயே, தொடாத!"

இரண்டாவது பை. பழுப்பேறிய விரிப்பு. முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். தீர்த்தம் தெளித்தார். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

"ஆஹா! பரிசுத்தம்! மகான்கள் சயனிச்ச துணி!" என்று அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற குரல் பிரபாவுக்கு. மைக் தேவைப்படவில்லை.

"எல்லாரும் கேளுங்க. ஒண்ணாம் நம்பர் நேத்து சாயங்காலம் கடையில வாங்கினது. கவரும் பில்லும் இதோ எங்க வீட்டுக்காரர் கையில இருக்கு. ஒருத்தரும் இதுல படுக்கல. ஒரு தடவை சோடாவுல துவைச்சோம், அவ்வளவுதான். ரெண்டாம் நம்பர் லாட்ஜ் மெத்தைக்கு அடியில பல மாசமா சோப்பே படாம கெடந்தது. சாமி கண்ணுல ஒத்திக்கிட்டாரே, அதுதான்."

சித்தர் ஒரு விநாடிதான் திணறினார்.

"புதுத் துணியா? அப்ப அது நெய்தவனோட தோஷம்!"

என்ன ஆச்சரியம்! பாதிக் கூட்டம் "ஓ" என்று தலையாட்டியது. நெய்தவன் தலையில் ஏழு பேரையும் ஒரு பிணத்தையும் ஏற்றிவிட்டு மறுபடியும் வரிசையில் நிற்கத் தயாராகிவிட்டார்கள். அப்போதுதான் டோரதி மேடைக்கு வந்தாள். கையில் ஒரு பாட்டில்.

"சாமி, உங்க மந்திரிச்ச ரட்சைத் துணிக்குத் தோஷம் புடிக்குமா?"

"கனவிலும் பிடிக்காது!"

ஒரு ரட்சைப் பையைப் பிரித்தாள். மஞ்சள் விரிப்பின் ஒரு மூலையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்தாள். சலவைச் சோடா கரைத்த வெறும் தண்ணீர். சித்தரின் செம்பிலிருந்தே தீர்த்தம் எடுத்துத் தெளித்தாள். மந்திரித்த துணி ஆடு அறுத்த தரையாகச் சிவந்தது.

"அட, இது ஆரத்தித் தண்ணி மாதிரி இல்ல இருக்கு!" என்று ஒரு குரல். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்ற அம்மாள். "மஞ்சளையும் சுண்ணாம்பையும் காலையில நான்தானே கரைச்சேன்! நானும் என்னமோ ரத்தம்னு..."

அப்புறம் என்ன? ஒரு பெண் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். வீட்டுக்கு வீடு ஆரத்தி கரைத்த கைகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. இத்தனை ஞாயிறு அந்தக் கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. மென்பொருள்காரர் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இதற்கிடையில் மகான்கள் சயனித்த துணியிலிருந்து நாலைந்து மூட்டைப்பூச்சிகள் சித்தரின் ஜிப்பாவில் குடியேறிவிட்டன. அவர் கழுத்தைச் சொறிந்தார், விலாவைச் சொறிந்தார். "தியான நேரம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக் கூடத்துப் பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பவே இல்லை.

பிரபா மட்டும் சிரிக்கவில்லை. உத்தமனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தாள். தாடையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"சிரிக்காதீங்க. இது நேத்து மத்தியானம். அவர் கட்டச் சொன்ன கயிறு. கட்டினது அவர் இல்ல, நாங்க. நானும் இவ அப்பாவும் பாசமா, பக்தியா, எங்க கையாலதான் கட்டினோம். அந்தக்கா வரலைன்னா இன்னிக்கு எம் புள்ள இல்ல."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு தாய் மடியில் இருந்த குழந்தையின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்க முயன்றாள். முடிச்சு இன்னும் இறுகியது. டோரதி இறங்கிப் போய்க் கத்திரிக்கோலை வைத்தாள். பிறகு அடுத்தவள். பிறகு அதற்கடுத்தவள். கால் மணி நேரத்தில் தரையெல்லாம் கறுப்புக் கயிறு.

இதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? கடைசிக் கயிறு அறுபட்டதும் ஒரு பெரியவர் தடாலென்று டோரதியின் காலில் விழுந்தார்.

"தாயே! சித்தரையே ஜெயிச்ச சக்தி உனக்கு! அந்தப் பாட்டில் தீர்த்தத்துல ரெண்டு சொட்டு கொடும்மா. பேரன் கட்டில்ல கட்டி வெக்கறோம்."

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். எட்டுப் பேர் ஆனார்கள். புதிதாக ஒரு வரிசை உருவாகத் தொடங்கியது. டோரதிக்கு வந்ததே கோபம்! காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"த்தூ, எழுந்திரு பெரியவரே! இன்னா ஜனம்யா நீங்கோ! இவ்ளோ தூரம் குனியத் தெரியுதுல்ல? வூட்டுக்குப் போயி, புள்ளைய படுக்க வெக்கிற கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்கோ. உங்க மூளைக்கு அங்க வேலை கீது."